எக்ஸ்ரே அண்ணி பார்க்காத தலை

எங்கள் அண்ணிக்கு வேலை இடத்தில் வைத்திருக்கும் பெயர் எக்ஸ்ரே. பெயரைக் கேட்டால் எலும்பும் தோலுமாக ஒருத்தர்தான் கண்ணுக்கு வருவார். அண்ணியோ நல்ல வாட்டசாட்டம். முதல் தடவை அவர் எங்கள் தையல் கடை வாசலில் வந்து நின்றபோது கடைக்குள் வெளிச்சமே குறைந்துபோனது. “ஒரு பேன்ட் தைக்கணும். கால் பக்கமா எறும்புகூட உள்ள போகக்கூடாது” என்றார். உள்ளே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தது என் அண்ணன்.

கால் பக்கம் எலாஸ்டிக் வேண்டும், அது சாக்ஸுக்குள் போய் உட்கார வேண்டும், சட்டை நீளமாக இருந்து பேன்ட்டுக்குள் நன்றாகச் செருக வரவேண்டும், துணி வெளிர் நிறமாக இருக்கவேண்டும் என்று வரிசையாகச் சொன்னார்.

“வெளிர் கலர்னா அழுக்கு பளிச்சுனு தெரியுமே” என்றான் அண்ணன்.

“தெரியணும்னுதானே கேக்கிறேன். மேல ஏறுறது என்னன்னு கண்ணுக்குப் படணும்.”

அளவெடுத்து முடித்த பிறகும் அண்ணன் நாடாவைக் கழுத்தில் போட மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். எனக்கு அப்போதே சந்தேகம்தான். அந்தப் பேன்ட்டைத் திருத்த வேண்டும், இடுப்பைப் பிடிக்க வேண்டும் என்று எத்தனை தடவை அவரை வரவழைத்தான் தெரியுமா? துணியில் ஒரு குறையும் கிடையாது. கடைசியில் பேன்ட் தைக்க வந்தவர் வீட்டுக்கே வந்துவிட்டார். இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த அண்ணன் ஒரு நாள் காலை எழுந்து நிற்க முடியாமல் போனான். பயப்படாதீர்கள், நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கீழே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது. ஆனால் அது கேட்காமல் போயிருக்க வேண்டியது. எந்த வேலையில் அண்ணியை மிஞ்ச ஆள் இல்லை என்று பேரோ, அந்த வேலையிலேயே கோட்டை விட்டதால் வந்த வினை.

அண்ணியின் வேலையைச் சொல்கிறேன். ஊருக்கு வெளியே பெரிய பெரிய இரும்புக் கோபுரங்களில் மின்கம்பி போகிறதல்லவா? அதற்குக் கீழேயே ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரத்துக்கு நடந்து போவார். எந்த மரம் வளர்ந்து கம்பியை எட்டப் பார்க்கிறதோ, அதன் அடிமரத்தில் சாயம் பூசுவார். பின்னால் வருகிற இரண்டு பேர் கிளைகளை வெட்டுவார்கள். நாலாவது ஆள் வேன் டிரைவர். மனிதர் நடமாட்டம் இல்லாத இடம், இடுப்பளவு புல், முயலும் மானும் போய்வருகிற தடம். அங்கேதான் உண்ணி.

நாய்க் காதில் பார்த்திருப்பீர்கள். பசியோடு இருக்கும்போது எள் அளவுதான். ரத்தம் குடித்துவிட்டால் பட்டாணி. அதற்குச் சிறகு கிடையாது, குதிக்கவும் தெரியாது. புல் நுனியில் ஏறி, பஸ்ஸை நிறுத்தக் கை நீட்டுகிற ஆள் மாதிரி முன்காலை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். உரசிக்கொண்டு போனால் போதும், ஏறிக்கொள்ளும். கடித்தால் வலிக்காது. அதுதான் அதன் கெட்டிக்காரத்தனம்.

அண்ணி வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெட்டுகிறவர்களில் மூத்தவருக்குக் காய்ச்சல் வந்தது. வாரக்கணக்கில் போகவில்லை. ரம்பத்தைத் தூக்க முடியாமல் மனுஷர் சுருண்டு கிடந்தார். கடித்த இடத்தை யாரும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. அவர் தேறி வந்த அன்றைக்கு அண்ணி ஒரு சட்டம் போட்டார். மாலையில் உண்ணி பார்க்காமல் வேன் கிளம்பாது. ஒருவருக்கு ஒருவர் காதுக்குப் பின்னால், பிடரி, முடி தொடங்குகிற ஓரம், அக்குள், முழங்காலின் பின்பக்கம் எல்லாம் பார்க்கவேண்டும். பெல்ட் இறுக்குகிற இடத்தையும் மற்றதையும் அவரவர் வீட்டுக் குளியலறையில் பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணி பார்த்தால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்ப்பார். டிரைவர் வேனை விட்டு இறங்கவே இல்லை என்று சத்தியம் செய்தாலும், “சிகரெட் பிடிக்க அந்தக் கட்டைமேல யாரு உக்காந்தது?” என்று காதை மடக்கிப் பார்ப்பார். எக்ஸ்ரே என்ற பெயரை வைத்தது அந்த டிரைவர்தான்.

அவருக்கு வயிற்றெரிச்சல் இருக்காதா? ஒருமுறை அவர் கெண்டைக்காலில் ஒன்று ஒட்டியிருந்தது. அண்ணியிடம் சொன்னால் மானம் போகும் என்று, தீக்குச்சியைப் பற்றவைத்துத் தானே சுட்டுப் பார்த்தார். தோல் பொசுங்கியது, முடி கருகியது, உண்ணி மட்டும் நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அண்ணி கழுத்தில் ஒரு கயிற்றில் கூர்முனை இடுக்கியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். தோலை ஒட்டி, வாய்ப்பக்கமாகப் பிடிக்கவேண்டும். நேராக, மெதுவாக இழுக்கவேண்டும். திருகக் கூடாது, வயிற்றை நசுக்கக் கூடாது, சூடு, எண்ணெய் எதுவும் வைக்கக் கூடாது. எடுத்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். இதை எங்கள் வீட்டில் பூனையும் சொல்லும்.

வீட்டுக்கு வந்தாலும் சட்டம் சட்டம்தான். எங்கள் வீட்டின் கீழ்ப் பகுதியில் முன்னறை அண்ணனின் தையல் கடை. பின்னறை என் சலவைக் கடை. மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம். அண்ணி பின்வாசல் வழியாக வருவார். அங்கேயே ஒரு திரைக்குப் பின்னால் வேலை உடுப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக் கட்டி என்னிடம் நீட்டுவார். “முதல்ல சூடு, அப்புறம் தண்ணி” என்பார். அதாவது துவைப்பதற்கு முன்னால் உலர்த்தும் மெஷினில் போட்டு நன்றாகச் சூடேற்ற வேண்டும். தண்ணீரில் முக்கினால் உண்ணி நீச்சலடித்துவிட்டு வெளியே வந்துவிடுமாம், உலர்ந்த சூட்டில்தான் சாகுமாம். வாடிக்கையாளர் துணி காத்துக்கொண்டிருக்கும்போது அழுக்குத் துணியைச் சூடேற்றச் சொன்னால் எந்த நாத்தனாருக்குக் கோபம் வராது? எனக்கு வரும். முணுமுணுத்துக்கொண்டே செய்வேன். ஆனால் செய்யாமல் இருந்ததில்லை.

பிறகு அண்ணி குளித்துவிட்டு வந்து என் முன்னால் முக்காலியில் உட்கார்ந்து தலையைக் கொடுப்பார். நான் பார்ப்பேன். பின்பக்கப் புல்வெளியில் நான் விரிப்பு உலர்த்தியிருந்தால் என் தலையையும் அவர் பார்ப்பார். அண்ணன் தலையை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

இங்கே என் அண்ணனின் கிராப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவனுக்கு உச்சி முழுக்க வழுக்கை. இடது காதுக்கு மேலே இருக்கிற முடியைச் சாண் நீளத்துக்கு வளர்த்து, கிரீம் போட்டு, உச்சி வழியாக வலது காதுவரை கொண்டுபோய் ஒட்டிவைத்திருப்பான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. காலையில் குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு அவன் இதைச் செய்து முடிப்பதற்குள் நான் இரண்டு ஈடு துணி துவைத்துவிடுவேன். முடிவெட்டும் கடைக்கும் போகமாட்டான். தன் கத்தரிக்கோலால் தானே ஓரம் சரிசெய்துகொள்வான். காற்றடித்தால் வெளியே வரமாட்டான், ஜன்னல் பக்கம் நிற்கமாட்டான். அண்ணியோடு ஒரு நாள்கூட அந்தப் புல்வெளிப் பக்கம் போனதில்லை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவனுக்குத் தலையில் கனமில்லாததால் பயம்.

தெருவுக்கே தெரிந்த ரகசியம் இது. அண்ணி மட்டும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆரம்பத்தில் ஒருநாள், “உங்களையும் பார்த்துரட்டுமா?” என்று கேட்டார். அண்ணன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். “புல்லுக்குப் போகாத தலைக்கு என்ன சோதனை?” என்றான். அண்ணி அவன் முகத்தைப் பார்த்தார். “அதுவும் சரிதான்” என்று விட்டுவிட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம் அப்படியே நின்றுவிட்டது. புல்லுக்குப் போனவர்களின் தலையைத்தான் பார்க்கவேண்டும்.

அண்ணியின் உடுப்பில் சூட்டுக்குப் போகாத ஒரே பொருள் அவருடைய தொப்பி. அகலமான விளிம்பு, அதற்குள் காகித அட்டை. சூட்டில் போட்டால் அப்பளம் மாதிரி வளைந்துவிடும். அதனால் அதை வேன் சக்கரத்தில் நாலு தட்டுத் தட்டி, பின்வாசல் ஆணியில் மாட்டிவிடுவார். ஒரு நாள் நெற்றியில் பதிகிற அதன் உள்பட்டை கிழிந்து தொங்குவதை அண்ணன் பார்த்தான். மனைவி கேட்காமலே செய்து கொடுக்கவேண்டும் என்று ஆசை. ஆணியிலிருந்து எடுத்துப் போய்ப் பழைய பட்டையைப் பிரித்து, மெல்லிய பருத்தித் துணியில் புதிது வைத்துத் தைத்தான். இறுக்கமாகிவிட்டதோ என்று கண்ணாடி முன்னால் நின்று தன் தலையில் போட்டும் பார்த்திருக்கிறான். இதை அவனே பின்னால் சொன்னான், எந்தச் சூழ்நிலையில் என்பது வருகிறது. மறுநாள் அண்ணி தொப்பியைப் போட்டுக்கொண்டு, உள்ளே விரலால் தடவிப் பார்த்து, சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

சில நாள் கழித்து ஒரு காலையில் அண்ணன் மாடிப்படியில் தடுக்கினான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, “கால் மரத்துப்போச்சு” என்றான். மெஷினில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் ஓட்டம் நின்று நின்று வந்தது. பெடலை மிதிக்கிற கால் சொன்னபடி கேட்கவில்லை. “வயசாயிடுச்சு உனக்கு, ஒரு நாள் படு” என்றேன். படுத்தான். மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து எழுந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, அடிபடவில்லை. இரண்டு காலும் துணிப் பொம்மையின் கால்போல் கிடந்தன. அவன் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அண்ணி அப்போதுதான் வேலைக்குக் கிளம்பியிருந்தார். போன் செய்ததும் டிரைவர் வேனைத் திருப்பிவிட்டார். அந்த வேனிலேயே அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா சின்னவர். பெரிய மூக்குக்கண்ணாடி, அவசரம் இல்லாத பேச்சு. ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ளவேண்டும் அல்லவா? அசையவே இல்லை. ஆனால் பஞ்சால் தொட்டால் தெரிகிறது என்றான், கிள்ளினால் வலிக்கிறது என்றான். பாதத்திலிருந்து இடுப்புவரை பலத்தைச் சோதித்தார். பிறகு எங்கள் இருவரையும் வராந்தாவுக்கு அழைத்தார்.

“மறைக்காம சொல்றேன். பலவீனம் கீழ இருந்து மேல ஏறிட்டு இருக்கு. நெஞ்சு வரைக்கும் ஏறினா மூச்சு விடுற தசையும் நின்னுடும். அதுக்குத் தயாரா மெஷின் வச்சிருக்கோம். எதனாலன்னு கண்டுபிடிக்கணும்” என்றார்.

நான் அண்ணி பக்கம் திரும்பினேன். அத்தனை பெரிய உடம்பு சட்டென்று சின்னதாகிப்போனது போல இருந்தது.

டாக்டரம்மா திரும்ப உள்ளே போய் அண்ணனிடம் வரிசையாகக் கேட்டார். வயிற்றுப்போக்கு வந்ததா, ஊசி போட்டுக்கொண்டீர்களா, டப்பாவில் அடைத்த பண்டம் ஏதாவது சாப்பிட்டீர்களா? “காடு, புல்வெளி, தோட்டம் அந்தப் பக்கம் எங்கயாவது போனீங்களா?”

“நானா? ஜன்னலையே திறக்கமாட்டேன் டாக்டர்” என்றான் அண்ணன்.

“அவரு புல்லு பக்கமே போகமாட்டாருங்க” என்று அண்ணியும் சொன்னார். நானும் தலையாட்டினேன். டாக்டரம்மா அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. ஊர்க் காதையெல்லாம் மடக்கிப் பார்த்த அண்ணி, அந்தக் கேள்வியைத் தன் வாயாலேயே மூடிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. புல்லுக்குப் போகாத தலையில் உண்ணி இருக்கும் என்று அந்த வேலை பார்க்கிறவர்கள் யாருமே நினைக்கமாட்டார்கள். இன்னொன்று, உண்ணியால் காய்ச்சல் வரும் என்றுதான் எங்களுக்குத் தெரியும். காலை முடக்கும் என்று யாருக்குத் தெரியும்?

மத்தியானம் டீ கொடுத்தேன். டம்ளர் அவன் விரலிலிருந்து நழுவியது. கையும் போய்க்கொண்டிருக்கிறது என்று மூவருக்கும் புரிந்தது. பேச்சு கொழகொழவென்று வந்தது. “மெஷின்ல ஊசி மாட்டினபடியே இருக்கு, மூடி வை” என்றான் என்னிடம். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது. போகிறவன் மாதிரிப் பேசினால் வராதா?

வெயில் சாய்கிற நேரத்தில் வேன்காரர்கள் மூவரும் வேலையை முடித்துவிட்டு நேரே வந்தார்கள். அண்ணியும் நானும் கீழே இறங்கிப் போனோம். அவர்கள் வேனை விட்டு இறங்கி நின்றார்கள், உள்ளே வரவில்லை.

“இன்னும் பார்த்துக்கல. நோயாளிங்க இருக்கிற இடம், அப்படியே எப்படி வர்றது?” என்றார் டிரைவர்.

அண்ணி கழுத்து இடுக்கியைக் கையில் எடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில், போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க, மூன்று ஆண்களும் வரிசையில் நின்று தலையைக் குனிந்தார்கள். அண்ணி காதை மடக்கினார், பிடரி முடியை விலக்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கை மட்டும் தன் பாட்டுக்கு வேலை செய்தது.

கேன்டீனிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த டாக்டரம்மா அங்கேயே நின்றுவிட்டார்.

“என்ன பண்றீங்க இங்க?”

“உண்ணி பார்க்கிறோம் டாக்டர். எங்க வேலை புல்லுக்குள்ள” என்றார் டிரைவர்.

டாக்டரம்மா அண்ணியைப் பார்த்தார். “நீங்களும் இந்த வேலைதானா?”

“ஆமாங்க. நான்தான் போறேன். அவரு போறதில்ல.”

“வீட்டுக்கு உண்ணியைக் கொண்டு வந்ததே இல்லையா?”

“துணியெல்லாம் வாசல்லயே கழட்டிச் சூட்டுல போட்டுருவோம் டாக்டர். உள்ள வரவே விடமாட்டோம்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்” என்று அண்ணி சொன்னார். சொல்லிவிட்டு வாயை மூடவில்லை. அவர் கை மெல்லத் தன் தலைக்குப் போனது. தொப்பி தலையில்தான் இருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பியவர் அதைக் கழற்றவே மறந்திருந்தார். விரல் உள்பட்டையைத் தொட்டது, அண்ணன் தைத்த புதுப் பட்டையை.

நாங்கள் மாடிக்கு ஓடினோம். டாக்டரம்மா எங்களுக்கு முன்னால் ஓடினார்.

“என்னங்க, என் தொப்பியைத் தைச்சீங்களே, தலையில போட்டுப் பார்த்தீங்களா?”

“இறுக்கமா… இருக்கான்னு…” என்றான் அண்ணன்.

“ஒரு வகை உண்ணி கடிச்சுக்கிட்டே இருந்தா, அதோட எச்சில்ல இருக்கிற விஷம் இப்படிக் காலைக் கட்டிப்போடும். அபூர்வம்தான். ஆனா தலையை உடனே பார்க்கணும்” என்றார் டாக்டரம்மா.

தலை என்றதும் அண்ணனின் கண் பெரிதானது. கையைத் தூக்கித் தலையைப் பொத்திக்கொள்ளப் பார்த்தான், கை வரவில்லை. “தலை வேணாம்” என்றான். சாகிற நேரத்திலும் பிடிவாதம். “இவங்க எல்லாம் வெளிய போகட்டும்” என்றான். வாசலில் நின்ற வேன்காரர்கள் மூவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் போகவில்லை, என்னைப் போகச் சொல்ல அவன் யார்? அண்ணி கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார். அவன் நெற்றியில் கைவைத்தார்.

“கண்ணை மூடிக்கங்க” என்றார்.

அவன் மூடிக்கொண்டான். கிரீம் காய்ந்து ஒட்டிக் கிடந்த அந்தச் சாண் முடியை அண்ணி நுனியிலிருந்து மெதுவாகப் பிரித்து எடுத்தார். வலது காதிலிருந்து உச்சி வழியாக இடது பக்கம் கொண்டுவந்து போட்டார். விளக்கு வெளிச்சத்தில் உச்சி பளபளத்தது. மூடிய கண்ணிலிருந்து ஒரு சொட்டு வழிந்து காதுக்குள் போனது. அண்ணி அதைத் துடைத்துவிட்டுத் தேடத் தொடங்கினார். பிடரியில் இல்லை. வலது காதில் இல்லை. இடது காதுக்கு மேலே, அந்த நீள முடி வேர்விடுகிற இடத்தில், அடர்த்திக்கு உள்ளே, சாம்பல் நிறத்தில் உப்பிப்போய் உட்கார்ந்திருந்தது. சீவும்போது கையில் தட்டியிருக்கிறது, கொப்புளம் என்று நினைத்து அதன்மேல் இன்னும் கொஞ்சம் கிரீம் அப்பியிருக்கிறான் மகராசன்.

“திருகக் கூடாது” என்று அண்ணியும் டாக்டரம்மாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

டாக்டரம்மா தன் இடுக்கியை எடுத்து, தோலை ஒட்டிப் பிடித்து, அவசரப்படாமல் நேராக இழுத்தார். விட மனமில்லாமல் விட்டது. தலை, வாய் எல்லாம் முழுதாக வந்திருக்கிறதா என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்து, சின்ன பாட்டிலில் போட்டு மூடினார். கடித்த இடத்தைச் சுத்தம் செய்தார். பிறகு தலைமுடி முழுவதையும் அண்ணி மறுபடி பார்த்தார். ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்காது என்று என்ன நிச்சயம்? இல்லை, அது ஒன்றுதான்.

“இதுதான் காரணம்னா சீக்கிரமே தெரியும். இல்லைன்னா மத்த வழியைப் பார்ப்போம். மூச்சைக் கவனிச்சுக்கிட்டே இருப்போம்” என்றார் டாக்டரம்மா.

அந்தப் பொழுது எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டம்ளரை அவன் கையில் வைப்பேன், நழுவும். மறுபடி வைப்பேன். விடிந்து ஜன்னல் வெளுத்தபோது டம்ளர் நழுவவில்லை. அவன் அதைப் பிடித்துக்கொண்டிருந்தான். அண்ணி போர்வையை விலக்கிப் பாதத்தைப் பார்த்தார். “அசைங்க” என்றார். வலது காலின் கட்டை விரல், மெஷின் பெடலை மிதிக்கிற காலின் கட்டை விரல், மேலே வந்து கீழே போனது. மறுபடி வந்தது. என் வயிற்றில் பால் வார்த்தது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்த டிரைவரை உலுக்கி எழுப்பி, “விரல் ஆடுது” என்றேன். அவர் எதுவும் புரியாமல் என் காதுக்குப் பின்னால் பார்த்தார். பழக்கதோஷம்.

டாக்டரம்மா வந்து சுத்தியலால் தட்டியபோது முழங்கால் லேசாகத் துள்ளியது. அவரும் முதல்முறையாகச் சிரித்தார். காய்ச்சலோ, கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பாகப் பரவுகிற தடிப்போ வருகிறதா என்று சில வாரம் கவனிக்கவேண்டும், வந்தால் உடனே வரவேண்டும் என்றார். எதுவும் வரவில்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மலைபோல் வந்தது பனிபோல் போனது.

டாக்டரம்மா போன பிறகு அண்ணன் வாய் திறந்தான். பேச்சு தெளிந்திருந்தது. என்ன கேட்டான் தெரியுமா?

“பார்த்துட்டியா?” என்றான், உச்சியைத் தொட்டுக்கொண்டு.

“கல்யாணம் ஆன மறுநாள் காலையிலயே பார்த்தேன். தூங்கும்போது எல்லாம் ஒரு பக்கமா சரிஞ்சுதானே கிடக்கு” என்றார் அண்ணி.

“சொல்லவே இல்லையே நீ.”

“நீங்க மறைச்சீங்க. உங்க மனசு நோகக்கூடாதுன்னு நானும் தெரியாத மாதிரி இருந்தேன். ஊர்ல இருக்கிறவன் தலையெல்லாம் தொட்டேன், உங்க தலையை மட்டும் தொடாம விட்டேன்.” அதற்குமேல் அவரால் முடியவில்லை. “அதுல ஆளே போயிருப்பீங்க” என்று சொல்லி அவன் கையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அண்ணி அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. அண்ணன் புதிதாகப் பலம் வந்த விரலால் அவர் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். எங்கள் வீட்டில் தலைப்பாகையோடு வந்து தலைக்குப் போய், தலை தப்பியது.

அவன் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று, கடைக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தன் கத்தரிக்கோலை எடுத்து அண்ணியிடம் நீட்டினான். அண்ணி ஒரு நறுக்கில் அந்தச் சாண் முடியை எடுத்துவிட்டார். நான் ஏதாவது கேலி சொல்வேன் என்று அவன் என்னைப் பார்த்தான். சத்தியமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. “நல்லா இருக்குடா அண்ணா” என்றேன். கால் நன்றாக மிதிக்க வந்ததும் அவன் தைத்த முதல் பொருள் ஒரு தொப்பி. வெளிர் நிறம், உள்ளே அட்டை கிடையாது. மற்ற உடுப்போடு சேர்ந்து அதுவும் இப்போது என் மெஷினில் சூடு வாங்குகிறது. முணுமுணுப்பதை நான் நிறுத்திவிட்டேன் என்று சொல்லமாட்டேன், குறைத்திருக்கிறேன்.

சட்டமும் மாறிவிட்டது. யார் எங்கே போனார்கள் என்ற கேள்வியே இல்லை, இந்தக் கூரைக்குக் கீழே இருக்கிற எல்லாத் தலையையும் பார்க்கவேண்டும். மாலையில் அண்ணி குளித்துவிட்டு வந்ததும், மெஷினை நிறுத்திவிட்டு முதல் ஆளாக முக்காலியில் வந்து உட்காருவது அண்ணன்தான். என் தலையைச் சட்டென்று முடித்துவிடுகிற அண்ணி, ஒரு கடுகுகூட ஒளிய இடமில்லாத அந்தத் தலையில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நிற்பார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

“வெறும் மைதானத்துல அப்படி என்னதான் தேடுறீங்க அண்ணி?”

“ஒன்னும் தேடல. ஒன்னும் இல்லைன்னு பார்த்துக்கிறேன்” என்றார் அண்ணி.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான்.